சுவரில் இருந்து கசியும் விஷ வாயு!
சுவீடன் அடுக்கு மாடி வீடுகளில் கண்டுபிடித்தது எப்படி? விரட்டியது எப்படி?

கல்லின் நிறம் நீலம். எடை குறைவு. ரம்பத்தால் அறுக்கலாம். ஆணி அடிக்கலாம். குளிரைத் தடுக்கும். தீப்பிடிக்காது. விலையும் மலிவு.

இப்படி ஒரு கல் கிடைத்தால் கட்டட மேஸ்திரிக்கு வேறு என்ன வேண்டும்?

சுவீடன் நாட்டில் 1929-ம் ஆண்டு முதல் 1975-ம் ஆண்டு வரை இந்தக் கல்லைத் தயாரித்தார்கள். தனி வீடு கட்டினார்கள். அடுக்கு மாடி வீடுகளும் கட்டினார்கள். இன்றும் அந்த நாட்டில் சுமார் 3 லட்சம் குடியிருப்புகளில் இந்த நீலக்கல் இருப்பதாகக் கணக்கு.

அந்தச் சுவர்களில் இருந்து இரவும் பகலும் ஒரு வாயு கசிந்துகொண்டே இருந்தது. அதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. ருசியும் இல்லை. குடியிருந்தவர்கள் அதைச் சுவாசித்தார்கள். சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள். ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

அந்த வாயுவின் பெயர் ரேடான்.

ரேடான் என்பது என்ன?

மண்ணிலும் பாறையிலும் மிகச் சிறிய அளவில் யுரேனியம் கலந்திருக்கிறது. உலகத்தில் யுரேனியம் துளியும் இல்லாத மண் கிடையாது. யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ரேடியம் ஆகிறது. ரேடியம் சிதைந்தால் ரேடான் பிறக்கிறது. முன்னவை இரண்டும் கல்லுக்குள் அடங்கிக் கிடக்கும். ரேடான் வாயு என்பதால், கல்லின் நுண்ணிய துளை வழியாக வெளியே வந்துவிடும்.

வந்த வாயுவுக்கு ஆயுள் குறைவு. 4 நாளுக்குள் பாதி அழிந்துவிடும். ஆனால் அழியும்போதுதான் ஆபத்து. ரேடான் சிதைந்து பொலோனியம் முதலிய பொருள்களாக மாறுகிறது. இவை வாயு அல்ல. காற்றில் உள்ள தூசியில் ஒட்டிக்கொள்ளும். தூசியோடு நுரையீரலுக்குள் போகும். அங்கே உட்கார்ந்துகொண்டு ஆல்பா கதிரை வீசும்.

ஆல்பா கதிர் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது. உடம்புக்கு வெளியே இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. நுரையீரலுக்குள் அப்படி இல்லை. அங்கே உள்ள மெல்லிய திசுவை அது நேரடியாகத் தாக்குகிறது.

சுரங்கத் தொழிலாளிகள் சொன்ன சாட்சி

இதை முதலில் உயிரைக் கொடுத்துக் காட்டியவர்கள் சுரங்கத் தொழிலாளிகள். ஜெர்மனியில் ஷ்னீபெர்க் என்ற மலை ஊர். அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்கள் பலர் மார்பு நோயால் இறந்தார்கள். "மலை நோய்" என்று ஊரார் அதைச் சொன்னார்கள். அது நுரையீரலில் வளரும் புற்று என்று 1879-ம் ஆண்டு இரண்டு டாக்டர்கள் கண்டறிந்தார்கள். அப்போது ரேடான் என்ற வாயுவே யாருக்கும் தெரியாது. 1900-ம் ஆண்டுதான் ஜெர்மன் விஞ்ஞானி டோர்ன், ரேடியத்தில் இருந்து இந்த வாயு வெளிவருவதைக் கண்டுபிடித்தார்.

சுரங்கத் தூசி நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்பதைக் கோலார் தங்க வயலில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே கல் தூசி. ஷ்னீபெர்க்கில் அதோடு ரேடானும் சேர்ந்துகொண்டது.

1988-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்று நோய் ஆராய்ச்சிப் பிரிவு, "மனிதனுக்குப் புற்று நோய் உண்டாக்கும் பொருள்" என்று ரேடானைப் பட்டியலில் சேர்த்தது.

நீலக்கல் வந்த கதை

சுவீடனில் நிலக்கரி குறைவு. ஆனால் எரியக்கூடிய கறுப்புப் பாறை ஒன்று உண்டு. பழைய காலத்தில் அதில் இருந்து படிகாரம் எடுத்தார்கள். அதனால் படிகாரப் பாறை என்று பெயர். சுண்ணாம்புக்கல்லைச் சுட அந்தப் பாறையையே விறகு போல எரித்தார்கள். எரிந்ததையும் வீணாக்கவில்லை. சுண்ணாம்போடு சேர்த்து அரைத்து, அலுமினியப் பொடி தூவினார்கள். மாவு புளித்துப் பொங்குவதுபோல கலவை பொங்கியது. உள்ளே ஆயிரக்கணக்கான காற்றுக் குமிழிகள். இறுகியதும் லேசான கல் கிடைத்தது.

கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் அந்தப் பாறையில் யுரேனியம் அதிகம். கல்லுக்குள் ரேடியமும் அதிகம். சாதாரண கான்கிரீட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு.

1956-ம் ஆண்டு ஹுல்ட்க்விஸ்ட் என்ற சுவீடன் விஞ்ஞானி வீடு வீடாகப் போய் அளந்து பார்த்தார். நீலக்கல் வீடுகளில் ரேடான் கூடுதல் என்று எழுதினார். யாரும் பதறவில்லை. அந்தக் காலத்து வீடுகளில் ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று தாராளமாக வந்து போனது. வாயு தங்கவில்லை.

விஞ்ஞானி எழுதியது அலமாரியில் தூங்கியது.

1973-ம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல், எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. குளிர் நாட்டில் வீட்டைச் சூடாக வைக்க எண்ணெய் வேண்டும். செலவைக் குறைக்க வேண்டும் என்று எல்லோரும் ஜன்னல் இடுக்கை அடைத்தார்கள். கதவு ஓரத்தில் பட்டை ஒட்டினார்கள். காற்று வரும் துளைகளைச் சிறிதாக்கினார்கள். எண்ணெய்ச் செலவு குறைந்தது. வீட்டுக்குள் ரேடான் ஏறியது.

1975-ல் நீலக்கல் உற்பத்தி நின்றது. 1979-ல் அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. ஹுல்ட்க்விஸ்ட் அளந்து அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன!

கல் மட்டும் அல்ல, மண்ணும்தான்

சுவரில் இருந்து ரேடான் வருவது ஒரு வகை. அதைவிடப் பெரிய வகை, கட்டடத்துக்குக் கீழே உள்ள மண்ணில் இருந்து வருவது. இதை உலகம் முழுவதும் பேச வைத்தது ஓர் அமெரிக்க என்ஜினீயரின் வீடு.

பென்சில்வேனியா மாநிலம் லிமெரிக்கில் ஓர் அணு மின் நிலையம். அங்கே வேலை பார்த்தவர் ஸ்டான்லி வாட்ராஸ். உடம்பில் கதிரியக்கம் ஒட்டியிருந்தால் மணி அடிக்கும் கருவி வாசலில் இருந்தது. 1984-ம் ஆண்டு டிசம்பரில் வாட்ராஸ் நடந்தபோதெல்லாம் மணி அடித்தது. ஒரு நாள் காலை உள்ளே வந்ததும் வேலைக்குப் போகாமல் நேராகக் கருவி முன் நின்று பார்த்தார். அப்போதும் அடித்தது.

ஆக, கதிரியக்கம் தொழிற்சாலையில் இருந்து அவருக்கு ஒட்டவில்லை. வீட்டில் இருந்து அவர்தான் கொண்டுவந்திருக்கிறார்!

வீட்டில் போய் அளந்தார்கள். ரேடானை அளக்க பெக்கரல் என்ற கணக்கு உண்டு. ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். உலகத்தில் வீடுகளுக்குள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 பெக்கரல் இருக்கும். வாட்ராஸ் வீட்டில் இருந்தது சுமார் 1 லட்சம் பெக்கரல்! வீட்டுக்கு அடியில் யுரேனியம் கலந்த பாறை. குடும்பம் உடனே வெளியேறியது. தரைக்கு அடியில் குழாய் போட்டு வாயுவை உறிஞ்சி வெளியேற்றிய பிறகுதான் திரும்பி வந்தது.

அக்கம்பக்கத்து வீடுகளில் அப்படி ஒன்றும் இல்லை என்பதுதான் விசித்திரம். அடுத்த வீட்டை அளந்து இந்த வீட்டைத் தீர்மானிக்க முடியாது.

மாடிக்கு எப்படி ஏறுகிறது?

மண் வாயு என்றால் தரைத்தளத்தோடு நின்றுவிடும் என்று மாடியில் குடியிருப்பவர்கள் நினைக்கலாம். பெரும்பாலும் அது சரி. ரேடான் காற்றைவிட ஏழு மடங்குக்கு மேல் கனமானது. தரையைத் தொடும் அறையில்தான் மண் வாயு மிகுதி. ஆனால் அடுக்கு மாடிக் கட்டடத்தில் லிப்ட் போகும் கிணறு இருக்கிறது. தண்ணீர்க் குழாயும் மின்சாரக் கம்பியும் ஏறும் பொந்து இருக்கிறது. உள்ளே சூடான காற்று மேலே ஏறும்போது, கீழே உள்ள காற்றையும் உறிஞ்சிக்கொண்டு போகும். புகைபோக்கி போல.

நீலக்கல் கட்டடத்துக்கு இந்த வித்தியாசமும் கிடையாது. முதல் மாடியிலும் அதே சுவர். எட்டாவது மாடியிலும் அதே சுவர்.

அளப்பது எப்படி?

கையில் அடங்கும் சின்ன டப்பா. உள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டு. மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். அறையில் வைத்துவிட்டுப் போய்விடலாம். டப்பாவுக்குள் வரும் ரேடான் சிதையும்போது ஆல்பா கதிர் பிளாஸ்டிக்கில் ஊசி முனையைவிடச் சிறிய வடு ஏற்படுத்தும். பிறகு சோதனைச் சாலையில் அதைக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊற வைப்பார்கள். வடு பெரிதாகும். மைக்ராஸ்கோப் வழியாக எண்ணிவிடலாம். எத்தனை வடுவோ, அதற்குத் தக்க ரேடான்.

சுவீடனில் டப்பாவைக் குறைந்தது 2 மாதம் வைக்க வேண்டும். அதுவும் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30-க்குள். அதுதான் வீட்டைச் சூடாக்கும் காலம். ஜன்னல்கள் மூடியிருக்கும் காலம். ஒரு நாள், இரண்டு நாள் அளந்தால் போதாதா? போதாது. ரேடான் காலையில் ஓர் அளவு, இரவில் ஓர் அளவு இருக்கும். காற்று, மழை எல்லாம் அதை மாற்றும்.

எங்கே வைப்பது என்பதற்கும் விதி உண்டு. படுக்கை அறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று. சமையல் அறையிலும் குளியல் அறையிலும் வைப்பதில்லை. ஜன்னல் ஓரத்திலும் கூடாது.

அடுக்கு மாடி என்றால் மண்ணைத் தொடும் எல்லா வீடுகளிலும் அளக்க வேண்டும். மேல் மாடிகளில் ஐந்தில் ஒரு வீடாவது அளக்க வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் குறைந்தது ஒரு வீடு. "என் வீட்டில் அளந்தாயிற்று, கட்டடம் முழுவதும் சரி" என்று ஒருவர் சொன்னால் அது செல்லாது. பொறுப்பு கட்டடச் சொந்தக்காரருடையது. வாடகைக்கு இருப்பவர் கையைப் பிசைய வேண்டியது இல்லை. நகரசபையின் சுற்றுச்சூழல் அதிகாரிகள் கண்காணிக்கிறார்கள்.

சுவீடனில் வரம்பு 200 பெக்கரல். அமெரிக்காவில் சுமார் 150. உலக சுகாதார நிறுவனம் 2009-ம் ஆண்டு, "முடிந்தால் 100, எப்படியும் 300-க்கு மேல் போகக் கூடாது" என்று சொன்னது.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு

ஐரோப்பிய நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2005-ம் ஆண்டு ஒரு கணக்கு வெளியிட்டார்கள். புகை பிடிக்காத 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ரேடான் இல்லாத வீட்டில் 75 வயதுக்குள் 4 பேர் நுரையீரல் புற்று நோயால் இறப்பார்கள். 400 பெக்கரல் உள்ள வீட்டில் 7 பேர்.

தொடர்ந்து சிகரெட் பிடிக்கும் 1,000 பேர் என்றால்? ரேடான் இல்லாவிட்டாலே 100 பேர். 400 பெக்கரல் வீட்டில் 160 பேர்!

சிகரெட்டும் ரேடானும் கூட்டுச் சேர்ந்தால் ஒன்றுக்கு ஒன்று கை கொடுக்கும். சுவீடனில் ரேடானால் ஆண்டுக்குச் சுமார் 500 பேருக்கு நுரையீரல் புற்று நோய் வருவதாக அந்த நாட்டு அரசு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் புகை பிடிப்பவர்கள்.

விரட்டுவது எப்படி?

வாயு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வைத்தியம் பார்த்தால் பணம்தான் வீண். சுவரில் இருந்து வருகிறதா, மண்ணில் இருந்து வருகிறதா என்பதை முதலில் பார்க்கிறார்கள். சுவரில் கதிர் அளக்கும் கருவியை வைத்தால் நீலக்கல் காட்டிக்கொடுத்துவிடும்.

சுவர் காரணம் என்றால் காற்றை மாற்றுவதுதான் வழி. அழுக்குக் காற்று வெளியே போக வேண்டும். புதுக் காற்று உள்ளே வர வேண்டும். சுவரை இடிப்பது நடக்காத காரியம். வீட்டையே அல்லவா இடிக்க வேண்டும்! கெட்டியான காகிதம் ஒட்டுவது, வண்ணம் பூசுவது எல்லாம் ஓரளவுதான் உதவும். ஓர் ஆணி அடித்தால் அந்தத் துளை வழியாக மறுபடி கசியும்.

குளிர் நாட்டில் ஜன்னலைத் திறந்து வைக்க முடியாது. அதனால், வெளியே போகும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் இயந்திரத்தைப் பொருத்துகிறார்கள். எண்ணெய்ச் செலவும் ஏறாது, ரேடானும் தங்காது.

மண் காரணம் என்றால் வேறு வைத்தியம். தரை விரிசலை அடைக்க வேண்டும். குழாய் நுழையும் இடத்தைச் சுற்றி அடைக்க வேண்டும். அது மட்டும் போதாவிட்டால், தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, விசிறி வைத்து, அடி மண்ணில் உள்ள காற்றை உறிஞ்சி கூரைக்கு மேலே விட்டுவிடுகிறார்கள். கூழாங்கல் மண் என்றால் வெளியே கிணறு போல ஒன்றைத் தோண்டி அதில் விசிறி வைக்கிறார்கள். ஒரு கிணறு அக்கம்பக்கத்தில் பல வீடுகளுக்கு உதவும்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மண்ணில் இருந்து வாயு வரும் வீட்டில், காற்றை வெளியே தள்ளும் விசிறியை மட்டும் பொருத்தினால் நிலைமை மோசமாகலாம். காற்றை வெளியே தள்ளினால் வீட்டுக்குள் அழுத்தம் குறையும். தரை விரிசல் வழியாக மண் வாயு இன்னும் வேகமாக உள்ளே வரும். வெளிக்காற்று நுழைய வழி விட்டுத்தான் விசிறி போட வேண்டும்.

பெங்களூருவில் எப்படி?

பெங்களூரு பாறை மேல் உட்கார்ந்திருக்கும் நகரம். லால்பாக் தோட்டத்துக் குன்றில் ஏறி நின்றவர்களுக்கு அது தெரியும். அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. இப்படிப்பட்ட கருங்கல் வகைகளில் யுரேனியம், சுண்ணாம்புக்கல்லைவிடப் பொதுவாகக் கூடுதல்.

அதற்காகப் பயந்து நடுங்க வேண்டியது இல்லை. பாபா அணு ஆராய்ச்சி மையமும் பல்கலைக்கழகங்களும் நாட்டின் பல பகுதிகளில் வீடுகளை அளந்திருக்கின்றன. பெங்களூருவிலும் அளந்திருக்கிறார்கள். பொதுவாகக் குளிர் நாடுகளைப் போல இங்கே ரேடான் குவிவதில்லை. காரணம் சாதாரணமானது: ஜன்னல் திறந்திருக்கிறது.

சமையல் மேடையில் போடும் கிரானைட் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஒரு மேடைக் கல்லில் இருந்து வரும் ரேடான் மிகவும் சொற்பம். காற்றோட்டம் உள்ள சமையல் அறையில் அது கணக்கிலேயே வராது.

இப்போது கட்டட வேலைகளில் லாரி லாரியாக இறங்கும் லேசான வெள்ளைக் கல்லும், நீலக்கல்லும் ஒரே குடும்பம்தான். செய்முறை ஒன்று, மூலப்பொருள் வேறு. இங்கே படிகாரப் பாறை போடுவதில்லை. அனல் மின் நிலையச் சாம்பல் அல்லது மணல் போடுகிறார்கள். சாம்பலில் ரேடியம் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் சாம்பல் துகள் கண்ணாடி போல உருகி இறுகியது. ரேடானை அவ்வளவு எளிதில் வெளியே விடாது. உரத் தொழிற்சாலையில் மிஞ்சும் ஜிப்சம் பலகைக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. அதில் எவ்வளவு ரேடியம் இருக்கலாம் என்பதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2009-ம் ஆண்டு வரம்பு கட்டியது.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. கட்டடத்துக்கு அடியில், மண்ணைத் தொட்டுக்கொண்டு, ஜன்னல் இல்லாமல் இருக்கும் அறைகள். கார் நிறுத்தும் அடித்தளத்தில் காவலாளி படுக்கும் அறை. பம்பு செட் அறை. அடித்தளத்தில் நடக்கும் அச்சகம், கிடங்கு, சிறு அலுவலகம். மேலே குடியிருப்பவருக்கு அடித்தளம் ஒரு பாதுகாப்பு. மண்ணுக்கும் அவருக்கும் நடுவே ஒரு காற்று மண்டபம் இருக்கிறது. அந்த மண்டபத்திலேயே ராத்திரி பகலாக இருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்களில் பலர் ஊரைவிட்டு வேலை தேடி வந்தவர்கள். அளந்து பார்ப்பது என்றால் அந்த அறைகளில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்தது, குளிர்சாதன அறை. சுவரில் பொருத்தும் சாதாரண ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவது இல்லை. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. மின்விசிறியும் அப்படித்தான், காற்றைச் சுழற்றுமே தவிர வெளியே தள்ளாது. ஏ.சி. போட்டுத் தூங்குகிறவர்கள் காலையிலும் மாலையிலும் எதிர் எதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தால், தேங்கியது போய்விடும். ஆனால் மறுபடி மூடினால் சில மணி நேரத்தில் மீண்டும் சேரத் தொடங்கும். ஒரு நாள் திறந்தது ஒரு வாரத்துக்குப் போதாது.

தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் தரை விரிசலையும், கழிவறைக் குழாய் தரைக்குள் நுழையும் இடத்தையும் பார்த்துச் சிமெண்டு பூசலாம். கரப்பான் பூச்சிக்கும் அதுவே வழி என்பதால் செலவு வீண் போகாது.

சங்கம் வைத்திருக்கும் குடியிருப்புகளில் டப்பா வைத்து அளக்க நினைத்தால், ஜன்னல் அதிகம் மூடியிருக்கும் மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பெங்களூருவில் டிசம்பர், ஜனவரி. அளவு கூடுதலாக வந்து, விசிறியோ குழாயோ பொருத்தினால், வேலை முடிந்ததும் மறுபடி டப்பாவை வைக்க வேண்டும். அதே அறை, அதே இடம், இன்னும் 2 மாதம்.